அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சி: சொற்களை எங்கிருந்து தொடங்குவது?

கைதடிப் பெடியன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அம்புலன்சில் வேலை செய்யும் அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கு என் பெயர் வந்திருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படித்தவன், ஆனால் தமிழ் மொழிமூலம். குருதி, சுவாசப்பை, நாடித்துடிப்பு என்றால் விளங்கும். கைக்கு வந்திருக்கும் குறிப்புக் கட்டிலோ டக்கிகார்டியா, டிஸ்ப்னியா, ஹெமட்டெமசிஸ் என்று பக்கம் பக்கமாகக் கிடக்கிறது. அகர வரிசையில் பாடமாக்கத் தொடங்கி இன்னும் ஆங்கில 'சி' எழுத்தையே தாண்டவில்லை.

எதை முதலில் படிக்க வேண்டும்? படிவம் ஆங்கிலத்தில்தான் நிரப்ப வேண்டுமாம், அதற்கு எவ்வளவு தெரிந்தால் போதும்? சுருக்கெழுத்துகளை எல்லாம் பாடமாக்கத்தான் வேண்டுமா? வேலையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கோ. கூகிளில் தேடிப் பார் என்று மட்டும் சொல்ல வேண்டாம், தேடிக் குழம்பித்தான் இங்கே வந்தேன்.

மந்திகையான் எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. அகர வரிசையை இன்றோடு விடுங்கோ. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்கள் பார்க்கப்போகும் ஒழுங்கு ஒன்று இருக்கிறது: மூச்சுப்பாதை, மூச்சு, இரத்தோட்டம், நினைவு. படிக்கும் சொல் ஒவ்வொன்றையும் இந்த நான்கில் ஒன்றுக்குள் போட்டு வைத்தால் தேவைப்படும்போது தானாக வரும்.

மூச்சுப்பாதையில் முதலில் சத்தங்களைப் பழகுங்கோ. மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று கேட்டால் ஸ்ட்ரைடர், தொண்டைப் பக்கம் மேலே அடைபடுகிறது. வெளியே விடும்போது விசில் மாதிரிக் கேட்டால் வீஸ், கீழே சிறு குழாய்கள் சுருங்கியிருக்கின்றன. நினைவில்லாதவர் குறட்டை விடுகிறார் என்றால் அது நித்திரை இல்லை, நாக்கு பின்னால் விழுந்திருக்கிறது. தண்ணீர் கொப்பளிப்பது போலக் கேட்டால் வாய்க்குள் சத்தியோ இரத்தமோ நிற்கிறது, உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும்.

மூச்சில் மூன்று சொல் போதும். நின்றுபோனால் அப்னியா, வேகம் கூடினால் டக்கிப்னியா, கஷ்டப்பட்டு எடுத்தால் டிஸ்ப்னியா. வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. சயனோசிஸ் என்ற நீலம் பாய்தலை எங்கள் ஆட்களின் கன்னத்தில் தேடினால் கிடைக்காது. உதட்டின் உட்பக்கம், நாக்கு, நகக்கண் இந்த மூன்றையும் பாருங்கோ. குறிப்புப் புத்தகங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதப்பட்டவை, அதையும் சேர்த்து யோசித்துப் படிக்க வேண்டும்.

இரத்தோட்டத்தில் நாடி 100க்கு மேல் போனால் டக்கிகார்டியா, 60க்குக் கீழே இறங்கினால் பிரடிகார்டியா. பேலர் என்றால் வெளிறல், கண்ணின் கீழிமையை இழுத்துப் பாருங்கோ. டயபொரெசிஸ் என்றால் வேர்த்துக் கொட்டுவது. நெஞ்சு நோவோடு இதுவும் இருந்தால் கதைத்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

நினைவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இரவு வருகிறேன். அதற்கிடையில் ஒன்று. வலது, இடது என்றால் எப்போதும் நோயாளியின் வலது, இடது. முன்னால் நின்று பார்க்கும்போது மாறித் தெரியும். இதை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கோ.

பனங்காய்ப் பணியாரம் எழுதியது:

எல்லாம் சரி அண்ணை, ஆனால் ஒரு கேள்வி. 1847 இல் இலங்கைக்கு வந்த டொக்டர் கிறீன், மானிப்பாயில் எங்கள் பெடியளுக்கு மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூறு, பிரசவம், சத்திரசிகிச்சை எல்லாவற்றுக்கும் தமிழில் புத்தகம் போட்டார். அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவருக்கு 19ஆம் நூற்றாண்டில் முடிந்தது, கைதடியில் பிறந்தவன் 'டயபொரெசிஸ்' என்று நாக்கை முறிக்க வேண்டியிருக்கிறது. வியர்வை என்று எழுதினால் நோயாளி செத்தா போய்விடுவார்?

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

பணியாரம், கிறீன் ஐயாவைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான், பெருமையும்தான். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவின் இரவுக் கடமையை ஒருமுறை வந்து பாருங்கோ. டொக்டர் குருநாகல்காரராக இருப்பார், தாதி சுன்னாகம், அடுத்த கட்டில் விசேட நிபுணர் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்தவர். மூன்று பேருக்கும் பொதுவானது அந்த ஆங்கிலச் சொல்தான். தம்பி எழுதிக் கொடுக்கும் தாளை அவர் இல்லாத நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வாசிக்கப்போகிறார். அதற்காகத்தான் அந்தச் சொல். வியர்வை என்பதை ஆங்கிலத்தில் சாதாரணமாக எழுதினாலும் யாரும் ஏச மாட்டார்கள். கடினமான சொல் தெரியாவிட்டால் கண்டதை எளிய சொல்லில் எழுதுவதே நல்லது, தெரியாத சொல்லை அரைகுறையாகப் போடுவதுதான் ஆபத்து.

தம்பிக்கு நான் சொல்ல வந்தது வேறு. உங்கள் குறிப்புக் கட்டில் இல்லாத பாதி வேலை வீட்டுக்காரர் சொல்லும் தமிழில் இருக்கிறது. 'மயங்கிப் போனார்' என்பார்கள். அது தலைச்சுற்றாக இருக்கலாம், ஒரு நிமிடம் விழுந்து எழும்பிய சின்கோப்பியாக இருக்கலாம், வலிப்பாக இருக்கலாம், இன்னும் எழும்பாத கோமாவாகவும் இருக்கலாம். உடனே 'அன்கொன்ஷியஸ்' என்று எழுதிவிடாதீர்கள். கேளுங்கோ: "கூப்பிட்டால் கண் திறந்தவரோ? கை கால் அடிச்சதோ? நாக்குக் கடிபட்டதோ, சலம் போனதோ? எவ்வளவு நேரம் அப்பிடிக் கிடந்தவர்? எழும்பின உடனை ஆளை ஆள் தெரிஞ்சதோ?" சாதாரண மயக்கத்தில் விழுந்தவர் படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் தெளிந்து, 'எனக்கு என்ன நடந்தது' என்று கேட்பார். வலிப்பு வந்தவர் அதன் பிறகும் கொஞ்ச நேரம் குழம்பிப்போய், நித்திரைத் தூக்கமாக இருப்பார். அதற்கு போஸ்ட் இக்டல் என்று பெயர்.

அடுத்தது 'இழுக்குது'. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு முட்டு இழுக்குது என்றால் ஆஸ்மா, கை கால் இழுக்குது என்றால் வலிப்பு, வாயை இழுத்துப்போட்டுது என்றால் பாரிசவாதம். பதற்றத்தில் தாய் முதல் பாதியை விழுங்கிவிட்டு 'பிள்ளைக்கு இழுக்குது, ஓடி வாங்கோ' என்று மட்டும்தான் சொல்லுவார். மூச்சா, கை காலா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

மூன்றாவது 'வாய்வு'. வாய்வு பிடிச்சிருக்கு, காஸ்ட்ரிக் என்று சொல்லி, சோடா குடித்துவிட்டு இருந்த எத்தனை மாரடைப்புகளைப் பார்த்திருப்பேன்! சலரோகக்காரர், வயது போனவர்கள், பெண்கள் என்றால் நெஞ்சில் நோவே இல்லாமலும் வரும். வேர்வை, மூச்சு முட்டல், தாடை நோ, ஒரே களைப்பு என்று மட்டும் இருக்கலாம். நீங்கள் எழுத வேண்டியது எபிகாஸ்ட்ரிக் பெய்ன், அதாவது மேல்வயிற்று நோ. காஸ்ட்ரைட்டிஸ், அதாவது இரைப்பை அழற்சி என்பது ஒரு முடிவு. அந்த முடிவை எடுக்கும் ஆள் நீங்கள் இல்லை, ஈ.சி.ஜி. பார்த்து டொக்டர் எடுப்பார்.

பனங்காய்ப் பணியாரம் எழுதியது:

அப்படியென்றால் குழப்பமெல்லாம் தமிழில், தெளிவெல்லாம் ஆங்கிலத்தில் என்கிறீர்களோ அக்கா?

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

இல்லையே. 'ஆள் ஷொக்கில் இருக்கிறார்' என்று டொக்டர் சொன்னதும் மகன், 'கரண்ட் அடிக்கேல்லையே, தோட்டத்திலைதானே விழுந்தவர்' என்று சண்டைக்கு வந்ததையும் கண்டிருக்கிறேன். இதயம் நின்றுபோனதை 'அரெஸ்ட்' என்று கத்தினால் வாசலில் நிற்கும் சனம் பொலிஸைத் தேடும். மருத்துவத்தில் ஷொக் என்றால் உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போவது: குளிர்ந்த கை கால், வேர்வை, வேகமான மெல்லிய நாடி, கடைசியில் விழும் பி.பி. வீட்டுக்காரரிடம் இதை 'இரத்தோட்டம் குறைஞ்சு போச்சு, உடனை ஏத்த வேணும்' என்று சொன்னால் போதும். தாளுக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கு ஒன்று. இரண்டும் தெரிந்தவர்தான் இந்த வேலைக்குத் தேவை.

மருத்துவபீட மாணவி எழுதியது:

நானும் தமிழ் மொழிமூலம் படித்து வந்தவள்தான், அதனால் பெடியனின் கஷ்டம் நன்றாகத் தெரியும். சொல்லைத் துண்டு துண்டாக உடைத்துப் படித்தால் பட்டியல் பாதியாகக் குறையும். ஹெம் என்று வந்தால் இரத்தம். எமசிஸ் என்றால் சத்தி, ஆகவே ஹெமட்டெமசிஸ் இரத்தமாகச் சத்தி எடுப்பது. ப்டிசிஸ் என்றால் துப்புதல், ஆகவே ஹெமொப்டிசிஸ் இருமும்போது இரத்தம் வருவது. முதலாவது வயிற்றிலிருந்து வருவது, கோப்பித் தூள் கரைத்த மாதிரிக் கறுப்பாகவும் இருக்கலாம். இரண்டாவது நெஞ்சிலிருந்து வருவது, நுரையோடு சிவப்பாக இருக்கும். 'வாயாலை ரத்தம் வந்தது' என்று வீட்டுக்காரர் சொன்னால் சத்தியா, இருமலா, மூக்கிலிருந்து இறங்கியதா என்று கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். மெலீனா என்பது தார் போலக் கறுத்து, நாற்றத்தோடு வயிற்றால் போவது. இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவர்களுக்கும் கறுப்பாகப் போகும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கோ.

இட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி, ஈமியா என்றால் இரத்தத்தில், டிஸ் என்றால் கஷ்டம், தொடக்கத்தில் 'அ' வந்தால் இல்லை. இதில் டிஸ் குடும்பம் கொஞ்சம் பொல்லாதது. டிஸ்ஃபேஜியா விழுங்கக் கஷ்டம், டிஸ்ஃபேசியா பேச்சு வருவதில் கஷ்டம். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதினால் கதையே மாறிவிடும்.

இன்னொன்று ஹைப்போவும் ஹைப்பரும். ஒன்று குறைவு, மற்றது கூடுதல். சைரன் சத்தத்தில் போனில் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். எங்கள் சேர் ஒருவர் சொல்லித் தந்தது: சொல்லைச் சொல்லாதே, இலக்கத்தைச் சொல். 'ஹைப்போகிளைசீமியா' என்பதைவிட 'சுகர் நாற்பத்தெட்டு' என்றால் யாரும் பிழையாக விளங்க மாட்டார்கள்.

நெடுந்தீவுக்காரி எழுதியது:

மாணவித் தங்கச்சி சொன்ன கடைசி விஷயத்துக்கு என் இரண்டு கைகளையும் தூக்குகிறேன். இங்கே நோயாளியைப் படகில் ஏற்றினால் குறிகட்டுவான் வரும்வரை ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எஞ்சின் இரைச்சலும் காற்றும்தான். இறங்குதுறையில் அம்புலன்ஸ்காரரிடம் ஆளைப் பாரம் கொடுக்கும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். ஆங்கிலத்தில் பிஃப்டீன், பிஃப்டி என்று சொல்லி எத்தனை முறை குழம்பியிருக்கிறது தெரியுமா? ஒன்று, ஐந்து என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கோ. கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதோடு ஒரு துண்டில் எழுதி நோயாளியின் போர்வையில் குத்திவிடுவது எங்கள் பழக்கம். தாள் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட மறக்க வேண்டாம்.

மந்திகையான் எழுதியது:

சொன்னபடி நினைவுக்கு வருகிறேன். முதலில் ஏ.வி.பி.யு. என்ற நான்கெழுத்து: விழிப்பாக இருக்கிறார், குரலுக்குப் பதில் தருகிறார், நோவுக்கு மட்டும் அசைகிறார், ஒன்றுக்கும் அசைவில்லை. பத்து விநாடி வேலை. அதற்குப் பிறகுதான் ஜி.சி.எஸ்., நினைவுக்குப் புள்ளி போடும் கிளாஸ்கோ அளவுகோல். 1974 இல் கிளாஸ்கோ நகரில் உருவானது, இன்றும் உலகம் முழுக்க அதுதான். கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. ஆகக் குறைந்தது 3, பூச்சியம் கிடையாது. 8 அல்லது அதற்குக் கீழே போனால் மூச்சுப்பாதையைக் காப்பாற்ற அவரால் முடியாது என்று எடுத்துக்கொள்ளுங்கோ. மொத்தத்தை மட்டும் எழுதாமல் மூன்றையும் பிரித்து எழுதினால்தான் அடுத்தவருக்கு எது குறைந்தது என்று தெரியும்.

பேச்சுப் புள்ளியில்தான் எங்கள் ஊரில் பிழை விடுவார்கள். நாள், இடம், ஆள் சரியாகச் சொன்னால் 5, குழப்பமாகச் சொன்னால் 4. 82 வயது ஆச்சியிடம் 'இது என்ன மாதம்?' என்று கேட்டால் 'ஆவணி பிறந்து நாலு நாள்' என்பார். கேட்டவர் ஓகஸ்ட் என்ற பதிலை எதிர்பார்த்து 4 போட்டால் பிழை யாருடையது? ஆச்சி எங்களைவிடச் சரியாக இருக்கிறார். 'நல்லூர்க் கொடி ஏறிட்டுதோ, தேர் முடிஞ்சுதோ?' என்று கேட்டுப் பாருங்கோ, தெளிவாக இருப்பவர் நாளோடு சொல்லுவார். அதேபோல நோயாளியின் பாஷை தெரியாத ஒருவர் பேச்சுப் புள்ளி போடக்கூடாது. கூட இருப்பவரைக் கேட்டுப் போடுங்கோ, போட்டது எப்படி என்றும் எழுதுங்கோ. காது கேளாதவருக்குக் குறைத்துப் போடுவதும் நடக்கிறது. தலைமாட்டில் காதுக் கருவி இருக்கிறதா என்று பார்ப்பதும் வேலைதான்.

ஸ்காபரோ சித்தப்பா எழுதியது:

கனடாவில் பரமெடிக்காக வேலை செய்கிறேன், ஊர் கொக்குவில். பெடியனுக்கு மூன்று விஷயம் சொல்லிவிட்டு ஓடுகிறேன், இங்கே விடியப்போகிறது.

முதலாவது அலகு. இலங்கையில் சுகரை மில்லிகிராமில் சொல்கிறீர்கள், இங்கே மில்லிமோலில். உங்கள் 90 எங்களுக்கு 5. எங்கள் இலக்கத்தை 18 ஆல் பெருக்கினால் உங்கள் இலக்கம் வரும். இங்கிருந்து ஊருக்குப் போகும் எங்கள் ஆட்கள் அப்பா அம்மாவுக்கென்று சுகர் மீட்டரை வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறார்கள், அதில் 12 என்று விழும். அதைப் பார்த்து 12 மில்லிகிராம் என்று நினைத்துக் குளுக்கோஸ் ஏற்றினால் என்ன ஆகும்? அந்த 12 உங்கள் 216. வீட்டு மீட்டரின் திரையில் இலக்கத்துக்குக் கீழே சின்னதாக எழுதியிருக்கும் அலகைப் பாருங்கோ, பிறகு உங்கள் மீட்டரால் ஒருமுறை பாருங்கோ. 70 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் குறைவு.

இரண்டாவது சுருக்கெழுத்து. எம்.எஸ். என்றால் மோர்ஃபின் சல்ஃபேட்டும் ஆகும், மக்னீசியம் சல்ஃபேட்டும் ஆகும். இன்சுலின் யூனிட்டை 'யு' என்று ஒற்றை எழுத்தில் கிறுக்கினால் பூச்சியமாக வாசிபட்டு 4 யூனிட் 40 ஆகும். ஓ.டி. என்றால் சீட்டில் நாளுக்கு ஒரு தரம், அவசர சேவையில் அளவுக்கு மிஞ்சி மருந்து எடுத்தவர், கண் டொக்டருக்கு வலது கண். மருந்துப் பெயரையும் அளவையும் எப்போதும் முழுதாக எழுதுங்கோ. சுருக்கம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், எழுதுவதைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது, பாரிசவாதம். 'எப்ப தொடங்கினது?' என்று கேட்டால் வீட்டுக்காரர் தாங்கள் கண்ட நேரத்தைச் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது 'கடைசியாய் எப்ப நல்லாய் இருந்தவர்?' விடிய எழும்பும்போது வாய் கோணியிருந்தால் அந்த நேரம் முதல் நாள் இரவு படுக்கப்போன நேரம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக நாலரை மணித்தியாலம்தான் எல்லை, அந்தக் கணக்கு உங்கள் தாளில் இருந்துதான் தொடங்கும்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

சித்தப்பா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. முகம், கை, பேச்சு மூன்றையும் பார்க்கும்போது பல்செட்டைக் கழற்றி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கோ. பல்செட் இல்லாத வாய் கோணலாகத் தெரியும், கதையும் குழறும். பிறகு சுகர் பார்க்காமல் பாரிசவாதம் என்று ஒருவரையும் ஏற்றாதீர்கள். சுகர் விழுந்தவரும் கை தூக்க மாட்டார், கதையும் தடுமாறும். குளுக்கோஸ் ஏறியதும் எழும்பி இருந்து தேத்தண்ணி கேட்பார்.

பிள்ளைபெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு வயிற்றுக்குத்து, தலைச்சுற்று என்றால் எல்.எம்.பி., கடைசி மாதவிடாய் எப்போது என்று கேட்டே ஆக வேண்டும். கருப்பைக்கு வெளியே தங்கிய கரு வெடித்தால் உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மாமியாருக்கு முன்னால் கேட்டால் சரியான பதில் வராது. அம்புலன்ஸ் கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கோ.

கைதடிப் பெடியன் எழுதியது:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. நன்றி. நாலு தலைப்பில் கொப்பியைப் பிரித்து எழுதத் தொடங்கிவிட்டேன், ஏறுகிறது. ஒரு சந்தேகம். வீட்டில் ஆளுக்கு என்ன வருத்தம் இருக்கிறது என்று கேட்டால் 'பிறஷருக்குக் குளிசை எடுக்கிறவர்' என்பதோடு நின்றுவிடும். என்ன குளிசை என்று கேட்டால் 'சின்னன், வெள்ளை' என்பார்கள். அதற்கு என்ன செய்வது?

மந்திகையான் எழுதியது:

'கிளினிக் கொப்பியைத் தாங்கோ' என்று கேளுங்கோ. அலுமாரியிலோ சாமியறையிலோ ஒரு சொப்பிங் பைக்குள் கட்டாயம் இருக்கும். கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்தால் மேலே நோய்கள் சுருக்கமாக இருக்கும். டி.எம். என்றால் சலரோகம், எச்.ரி. உயர் இரத்த அழுத்தம், டி.எல். கொலஸ்ட்ரோல், ஐ.எச்.டி. இதயத்துக்கு இரத்தம் குறைவு, பி.ஏ. ஆஸ்மா, சி.கே.டி. நாட்பட்ட சிறுநீரக நோய். இந்த ஆறும் தெரிந்தால் எங்கள் பகுதிக் கொப்பிகளில் பெரும்பான்மை விளங்கும். கீழே மருந்துகள். மானே என்றால் காலை, நொக்டே இரவு, பி.டி. இரண்டு நேரம், ரி.டி.எஸ். மூன்று நேரம்.

மருந்தில் சிலவற்றைக் கண்டால் உடனே வாயால் சொல்லிவிட வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் தலையடிபட விழுந்தால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அவசரம்தான், உள்ளே இரத்தம் கசியலாம். நாடியைக் குறைக்கும் பிஸோப்ரலோல், அட்டெனொலோல் எடுப்பவருக்கு இரத்தம் போனாலும் நாடி ஏறாமல் 76 என்று நிற்கும், அதைப் பார்த்து ஆறுதலடையக்கூடாது. இன்சுலினோ சுகரைக் குறைக்கும் கிளிக்லசைட் குளிசையோ எடுப்பவர் சாப்பிடாமல் இருந்திருந்தால் முதலில் சுகர்தான். கொப்பியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், நோயாளியோடு வரட்டும். ஈ.ரி.யு. என்ற அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் கேட்பதே அதைத்தான்.

மருத்துவபீட மாணவி எழுதியது:

மாரி தொடங்கப்போகிறது, அதனால் டெங்குவுக்கு ஒரு சொல்: பல்ஸ் பிரஷர். பி.பி.யின் மேல் இலக்கத்துக்கும் கீழ் இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம். பிள்ளையின் பி.பி. 100 இன் கீழ் 80 என்றால் பார்வைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் வித்தியாசம் 20. டெங்குவில் 20க்கு வந்தாலே இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ஷொக் தொடங்குகிறது என்று பொருள். 'காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை' என்று தாய் சொல்லும் நேரம்தான் அந்த ஆபத்தான கட்டம் தொடங்குவது. கை கால் குளிர்ந்திருக்கிறதா, நகத்தை அமத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவக்கிறதா, கடைசியாக எப்போது சலம் போனது, இவ்வளவையும் கேட்டு எழுதுங்கோ.

பனங்காய்ப் பணியாரம் எழுதியது:

சரி, தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் இந்த இழையை அச்செடுத்து வைத்துக்கொள்கிறேன். எங்கள் அம்மாவின் கிளினிக் கொப்பியையும் எடுத்துப் பார்த்தேன், டி.எம்., எச்.ரி., டி.எல். மூன்றும் இருக்கிறது. இத்தனை வருடமாக அது ஏதோ டொக்டரின் கையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அம்புலன்ஸ் கூப்பிடும் எங்களுக்கும் ஏதாவது சொல்லுங்கோ.

மந்திகையான் எழுதியது:

1990 க்கு அடியுங்கோ, காசு இல்லை. வடக்கில் 2018 யூலையில் தொடங்கியதில் இருந்து இந்த இலக்கம்தான். போனை வைக்காமல் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ. நோய்ப் பெயர் சொல்ல வேண்டாம், கண்டதைச் சொல்லுங்கோ: மூச்சு இருக்கிறதா, கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா, இரத்தம் போகிறதா. பிறகு வழி. 'பிள்ளையார் கோயிலடி' என்றால் யாழ்ப்பாணத்தில் எந்தப் பிள்ளையார்? ஒழுங்கையின் பெயர், சந்தியின் பெயர் சொல்லி, ஒருவரை டோர்ச்சோடு ஒழுங்கை வாசலில் நிறுத்துங்கோ. வண்டி ஓட்டுபவரை நாங்கள் பைலட் என்போம். விமானம் வருகிறதோ என்று மேலே பார்க்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

தம்பி, படித்தது போதும், ஒன்று எழுதிக் காட்டுங்கோ பார்ப்போம். கரவெட்டியில் 68 வயது அம்மா, விடிய எழும்பும்போது ஒரு பக்கம் சரியில்லை. மீதியை நீங்களே கற்பனை செய்து, ஈ.ரி.யு.வுக்குப் போனில் சொல்வதுபோல எழுதுங்கோ.

கைதடிப் பெடியன் எழுதியது:

'68 வயதுப் பெண், ஸ்ட்ரோக். காலை 6 மணிக்குத் தொடங்கியது. பி.பி. கூட. சீனி வருத்தம் இருக்கு. மயக்கம் இல்லை. கூட்டிக்கொண்டு வாறம்.'

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

ஸ்ட்ரோக் என்று யார் சொன்னது? 6 மணிக்குத் தொடங்கியதை யார் கண்டது? பி.பி. கூட என்றால் 150 ஆ, 230 ஆ? சீனி வருத்தம் என்றீர்கள், இப்போது சுகர் எவ்வளவு? மயக்கம் என்ற சொல்லைப் பற்றி மேலே அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். திரும்ப எழுதுங்கோ.

கைதடிப் பெடியன் எழுதியது:

'68 வயதுப் பெண். கடைசியாக நல்லாக இருந்தது நேற்றிரவு 10 மணி, மகளோடு கதைத்துவிட்டுப் படுத்தவர். இன்று காலை 6 மணிக்கு எழும்பும்போது முகத்தில் இடப்பக்கம் தொங்கல், பேச்சுக் குழறல், கையில் பலவீனம். ஸ்ட்ரோக் சந்தேகம். சுகர் ஒன்று மூன்று இரண்டு. பி.பி. 178 இன் கீழ் 96, நாடி 88 ஒழுங்கில்லை, மூச்சு 18, ஒட்சிசன் 97 சதவீதம். ஜி.சி.எஸ். 14: கண் 4, பேச்சு 4, அசைவு 6. கொப்பியில் டி.எம்., எச்.ரி. மெட்ஃபோமின், லொசார்ட்டான் எடுக்கிறவர், வார்ஃபரின் இல்லை. ஒவ்வாமை பற்றித் தெரியாது. கொப்பியும் மகளும் கூட வருகினம்.'

மருத்துவபீட மாணவி எழுதியது:

நாடி ஒழுங்கில்லை என்று சேர்த்தது நல்ல விஷயம், டொக்டர் உடனே ஈ.சி.ஜி. கேட்பார். ஆனால் குழறினாலும் நாளும் இடமும் சரியாகச் சொன்னால் பேச்சுக்கு 5 தானே?

கைதடிப் பெடியன் எழுதியது:

என் கற்பனை அம்மாவுக்கு இடம் சரியாகத் தெரியவில்லை. கரவெட்டியில் இருந்துகொண்டு கொழும்பு என்கிறார். அதனால்தான் 4.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

அப்படியானால் 4 சரி. ஒவ்வாமை 'இல்லை' என்று எழுதாமல் 'தெரியாது' என்று எழுதியதும் சரி. கையில் பலவீனம் என்றீர்களே, எந்தக் கை? அதையும் போட்டுவிட்டு நாளைக்கு மாணவி சொன்ன டெங்குப் பிள்ளை ஒன்றை எழுதிக்கொண்டு வாங்கோ.